ஆங்கிலச் சொல் தேடும்போது காதை நம்பாதீர்கள்

என் அக்காவின் மகள் தரம் 7 படிக்கிறாள். 'கே' எழுத்து உள்ள பத்துச் சொற்களை எழுதி வரும்படி ரியூசனில் சொல்லியிருந்தார்கள். கிங், மில்க், புக் என்று ஏழு சொல்லோடு நின்றுவிட்டாள். அந்த ஏழில் 'கப்' என்பதும் ஒன்று. அது 'சி'யில் தொடங்கும் சொல். கத்திக்குரிய நைஃப், முழங்காலுக்குரிய நீ, கதவைத் தட்டுவதற்குரிய நொக் எல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்றுமே 'கே'யில் தொடங்குகின்றன. ஆனால் அவள் தேடியது எழுத்தை அல்ல, 'க' என்ற சத்தத்தை.

யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த பிள்ளைகள் அதிகம் விடும் தவறு இதுதான். தமிழில் ஒரு சொல்லைக் கேட்டால் பெரும்பாலும் அப்படியே எழுதிவிடலாம். அந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் காலை வாரிவிடும். எலிஃபன்ட், அல்ஃபபெட் இரண்டிலும் 'எஃப்' இல்லை. லாஃப், கொஃப் என்பவற்றிலும் இல்லை. ஆனால் 'ஒவ்' என்று நாம் சொல்கிற அந்தச் சின்னச் சொல்லில் 'எஃப்' இருக்கிறது! பொக்ஸில் 'எக்ஸ்' உண்டு, சொக்ஸில் கிடையாது. ரிதம் என்ற சொல்லில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தில் ஒன்றுகூட இல்லை. 'வை' மட்டுமே அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே சொல்லை முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு எழுத்தைத் தேடுங்கள். வாய்க்குள் முணுமுணுத்துத் தேடினால் பாதி தவறிப்போகும்.

அடுத்தது, கேள்வியை அரைகுறையாக வாசிப்பது. ஏ, ஆர், ஈ மூன்றும் 'உள்ள' சொல் வேறு, அவை 'மட்டும்' உள்ள சொல் வேறு. காதுக்குரிய இயர் இரண்டாவது வகை. கேர் என்பதில் மூன்றும் அதே வரிசையில் ஒட்டி நிற்கின்றன. பாணுக்குரிய பிரெட்டில் வரிசை மாறி நிற்கின்றன. எது வேண்டும் என்று தெரியாமல் தொடங்கினால் நேரம்தான் வீண்.

எத்தனை முறை என்பதையும் பாருங்கள். எங்கள் ஊரின் ஆங்கிலப் பெயரிலேயே 'எஃப்' இரண்டு தடவை வருகிறது. 'வேர்டில்' என்பது ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் இணைய விளையாட்டு; சரியான இடத்தில் வைத்த எழுத்து பச்சையாகும். அதை விளையாடுபவர்கள் ஓர் எழுத்து பச்சையானதும் அதன் கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். செம்மறியாட்டுக்குரிய ஷீப் ஐந்தெழுத்துச் சொல்தான், அதில் 'ஈ' இரண்டு. இன்னொன்று, நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பது பிரித்தானிய எழுத்துக்கூட்டல், வேர்டில் அமெரிக்க வழி. 2022இல் ஹியூமர் என்ற சொல் இரண்டாவது 'யூ' இல்லாமல் விடையாக வந்தது.

பல எழுத்துகள் தந்தால் அரிதானதில் தொடங்குங்கள். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் ஆக்கும் ஆங்கில ஸ்கிராபிள் விளையாட்டில் 'ஈ' 12 கட்டைகள், புள்ளி 1. 'கியூ' ஒரே ஒரு கட்டை, புள்ளி 10. 'கியூ'வைப் பிடித்துக்கொண்டால் தேட வேண்டிய சொற்கள் வெகுவாகக் குறைந்துவிடும். அப்புறம், 'கியூ'வுக்குப் பின்னால் 'யூ' வந்தே தீரும் என்றும் இருக்காதீர்கள். புர்கா, நிகாப் இரண்டிலும் 'கியூ'வுக்குப் பின்னால் 'யூ' இல்லாமலே எழுதுகிறார்கள். 'கியூ, ஐ' என்ற இரண்டெழுத்துச் சொல்லும் ஸ்கிராபிளில் செல்லும். கட்டாரிலும் 'யூ' இல்லை, ஆனால் நாட்டின் பெயர் என்பதால் ஸ்கிராபிளில் எடுபடாது.

அகராதியைப் புரட்டுவது முதலெழுத்துத் தெரிந்தால்தான் உதவும். நடுவெழுத்தோ கடைசி எழுத்தோ மட்டும் தெரிந்தால் வன்லுக் போன்ற இணையத் தேடல் நல்லது. அங்கே கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு, நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துக்கும். 'கே, என்' போட்டு ஒரு நட்சத்திரம் வைத்தால் நைஃப் கூட்டம் முழுவதும் வந்துவிடும். ஆனால் ஆட்களின் பெயர்களும் சுருக்கங்களும் சேர்ந்தே வரும். மருமகள் அந்தப் பட்டியலை அப்படியே கொப்பியில் எழுதத் தொடங்கினாள். பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டு சொற்களை அவளே வெட்டினாள்.