ஓரத்தில் ஒரு வரி: என் கட்டுரைகள் சரியான விதம்

முதலாம் ஆண்டில் என் கட்டுரைகள் "தகவல் இருக்கிறது, வாதம் இல்லை" என்ற குறிப்போடுதான் திரும்பி வரும். எழுதி முடித்த பிறகு செய்கிற ஒரு வேலைதான் இதைச் சரிசெய்தது.

வரைவை அச்செடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் அது என்ன சொல்கிறது என்று பென்சிலால் ஒரே வரி எழுதுவேன். நகர வெப்பம் பற்றிய கட்டுரையில் ஒரு பத்திக்கு "கான்கிரீட், மரங்கள், வாகனங்கள்" என்றுதான் எழுத முடிந்தது. வெறும் பட்டியல்! அதை மூன்று பத்திகளாகப் பிரித்தேன். முதல் பத்தி இப்படித் தொடங்கியது: "பகலில் கான்கிரீட் உள்வாங்கும் வெப்பம் இரவில் மெல்ல வெளியேறுவதால் நகரம் சீக்கிரம் குளிர்வதில்லை." இப்படி ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் ஆதாரம் காட்டியே ஆக வேண்டும். வாதம் அங்கேதான் பிறக்கிறது என்பேன்.

அப்புறம் ஓர வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படிப்பேன். தொடர்பு அறுந்தால் பத்தியை இடம் மாற்றுவேன். ஒரே வரி இரண்டு முறை வந்தால் ஒன்றை வெட்டுவேன்.

முன்னுரை கடைசியில்தான். பிறர் கருத்தை எடுத்தாளும்போது புத்தகத்தை மூடிவிட்டு என் நடையில் எழுதி, பிறகு திறந்து சரிபார்ப்பேன். சொந்த நடையில் எழுதினாலும் மூலத்தை அந்த வரியிலேயே குறித்துவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.