பாடம் ஓடியது, பார்ப்பார் இல்லை

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் பயிற்சிப் பொறுப்பில் இருந்தபோது, மூடுல் (Moodle) என்ற இணையவழிப் பயிற்சித் தளத்தில் நாங்கள் ஏற்றியிருந்த பாடங்களை ஏறக்குறைய எல்லோரும் முடித்துவிட்டதாக அறிக்கை காட்டியது. தையல் பிரிவிலோ பழைய பிழைகளே தொடர்ந்தன. ஒரு நாள் மதிய இடைவேளையில், தரப் பரிசோதகர் ஒருவரின் கைபேசி சாப்பாட்டுத் தூக்கில் சாய்ந்தபடி 40 நிமிடப் பாடத்தை ஓட்டிக்கொண்டிருக்க, அவர் அடுத்த மேசையில் பேசிக்கொண்டிருந்தார். "முடிச்சாப் போதும்னுதானே சார் சொன்னீங்க?" என்றார். அவர் அறியாதது, ஓடவிடக்கூடத் தேவையில்லை என்பதுதான். பாடத்தைத் திறந்தாலே நிறைவு எனக் குறிக்கும்படி அமைத்திருந்தவன் நானே.

முதலில், வினாக்களில் தேர்ச்சி பெற்றால்தான் நிறைவு என்று மாற்றினேன். மறுநாளே விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கின. பிறகு, பாடங்களை 5 நிமிடத் துண்டுகளாக்கி, எண்ணெய்க் கறை, தையல் விடுதல் என அவர்கள் தினமும் காணும் பிழைகளையே தலைப்புகளாக வைத்தேன். எதை முதலில் படிப்பது என்பதை அவர்களிடமே விட்டு, வேலை நேரத்திலேயே வாரம் அரை மணி ஒதுக்கினேன். மேலாளரை இதற்கு இசைய வைத்ததுதான் உண்மையில் பெரும்பாடு. சில வாரங்களில் அதே பரிசோதகர், கழுத்துப் பட்டியில் தையல் விடுவதற்கான காரணத்தைத் தாமே படம்பிடித்துக் கொண்டுவந்து, தளத்தில் ஏற்ற முடியுமா என்று கேட்டார்.