யோகோ கன்னோவை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

பெங்களூரு அல்சூரில் என்னிடம் கீபோர்டு கற்க வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பார்ப்பவர்கள். "அண்ணா, 'கவ்பாய் பீபாப்' மியூசிக் சொல்லிக் கொடுங்க" என்று வந்து நிற்பார்கள். சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், அதற்கு இசையமைத்த ஜப்பானியரான யோகோ கன்னோவின் பழைய வீடியோ கேம் இசையைக் கேட்க வைத்துவிடுவேன். அவருடைய படைப்புகளை வந்த வரிசையிலேயே கேட்டால்தான், ஓர் இசையமைப்பாளர் எப்படி வளர்கிறார் என்பது காதில் விழும்.

மெட்ரோவில் கேட்க வேண்டாம். அந்த இரைச்சலில் பேஸ், அதாவது அடியில் ஓடும் கனத்த ஒலி, சுத்தமாக அடிபட்டுப் போகும். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிற சாதாரண ஒயர் ஹெட்போன் போதும். பக்கத்தில் கீபோர்டு வேண்டும், இல்லையென்றால் போனில் ஒரு பியானோ ஆப்.

கன்னோ 1980களில் கோயெய் நிறுவனத்தின் சரித்திர விளையாட்டுகளுக்கு இசையமைத்துத்தான் வந்தார். 1990-ல் வந்த 'டைகோகாய் ஜிடாய்' என்ற கடல் வணிக விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். அது முதலில் வந்த என்.இ.சி. பிசி-8801 வரிசைக் கணினியின் சிப்பில் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய 'குரல்கள்' ஆறுதான்: எஃப்.எம். என்ற செயற்கை ஒலி முறையில் மூன்று, எளிய சதுர அலை ஒலியில் மூன்று. வயலின் கூட்டமெல்லாம் வைத்து மெட்டின் குறையை மறைக்க வழியே இல்லை. முதல் தடவை மெட்டை மட்டும் முணுமுணுங்கள். அடுத்த தடவை பேஸை மட்டும் பிடியுங்கள். ராஜா சார் பாட்டில் பேஸைத் தனியாகப் பின்தொடர்ந்து பழகியவர்களுக்கு இது சுலபம். அப்புறம் இன்னொன்று: விளையாடுகிறவர் துறைமுகத்தில் எவ்வளவு நேரம் நிற்பார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் இசை சுற்றிச் சுற்றி வந்தாக வேண்டும். முடிவிலிருந்து ஆரம்பத்துக்கு எந்த ஸ்வரத்தைப் பிடித்து வருகிறார் என்று வாசித்துப் பாருங்கள். எனக்கு இந்த இடம்தான் பெரிய பாடம்.

அடுத்து 1994, 'மேக்ராஸ் பிளஸ்' அனிமே. ஆறு குரலுக்கு எழுதிய கை, இங்கே இஸ்ரேல் பில்ஹார்மோனிக் என்ற பெரிய இசைக்குழுவுக்கு எழுதுகிறது. 1996-ல் 'எஸ்காஃப்ளோனே' தொடர், அதன் தொடக்கப் பாடலைப் பாடிய மாயா சகாமோட்டோவுக்கு அப்போது 16 வயது.

சரி, இப்போது 1998-க்கு வரலாம். 'கவ்பாய் பீபாப்' தொடரைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் ஆல்பத்தைக் கேட்டுவிடுங்கள். காரணம் இருக்கிறது. இயக்குநர் ஷினிச்சிரோ வாதனாபே வேண்டுமென்று சொல்லாத இசையையும் கன்னோ எழுதிக் கொடுத்தார். அதைக் கேட்டு, அதற்கேற்ற காட்சிகளை வாதனாபே யோசித்தார். நீங்களும் ஒவ்வொரு டிராக்குக்கும் மனதில் தோன்றும் காட்சியை ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு, பிறகு தொடரைப் பாருங்கள்.

அந்தத் தொடரின் தொடக்க இசையான 'டேங்க்!' வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இடது கையிலிருந்து தொடங்குங்கள். டிரம்பெட்டும் டிராம்போனும் ஒரு போடு போட்டுவிட்டு ஒதுங்கியதும், பேஸும் போங்கோவும் மட்டும் நடக்கும். அந்த நடை தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். அது வராமல் வலது கையைத் தொட விடமாட்டேன், பிள்ளைகள் எவ்வளவு முகம் சுளித்தாலும்.

'கோஸ்ட் இன் தி ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' தொடரில் ரஷ்யப் பாடகி ஒரிகாவின் குரலுக்காகவே ஒரு மாலையை ஒதுக்கலாம். 2012-ல் வந்த 'சகாமிச்சி நோ அப்பொல்லோன்' தொடரைக் கேட்பதோடு பார்க்கவும் வேண்டும். நிஜக் கலைஞர்கள் வாசித்ததைப் படம்பிடித்து, அதை வைத்துக் கைகளை வரைந்திருக்கிறார்கள். பியானோ விரல்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

கடைசியாக, அனிமேவும் இல்லாத, கேமும் இல்லாத ஒரு பாட்டு: 'ஹனா வா சாகு'. 2011 சுனாமி சீரழித்த மியாகி மாகாணம் கன்னோவின் சொந்த ஊர்ப்பக்கம். அந்த மக்களுக்காக ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. வெளியிட்ட இந்தப் பாட்டை ஜப்பானில் சேர்ந்திசைக் குழுக்கள் இன்றும் பாடுகின்றன. பயிற்சி இல்லாத குரலும் எட்டிப் பிடிக்கிற மெட்டு. கார்டு (chord, பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) எதுவும் போடாமல் ஒற்றை விரலில் வாசியுங்கள், கூடவே பாடுங்கள். வீட்டில் யாராவது சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது.