மூன்று ஓலைக்குள் ஒரு ரீஜென்சி காதல் கதை: எழுதிப் பார்க்கலாமா?

ரீஜென்சி என்பது இருநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து. அந்தக் காலத்துக் காதல் கதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் கவுனையும் குதிரை வண்டியையும்தான் தேடுவார்கள். அதெல்லாம் அப்புறம். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம், ஆள்மாறாட்டம் இரண்டும் வேண்டும் என்றால் அந்தக் காலத்துச் சட்டத்தைப் பாருங்கள். முடிச்சுகள் அங்கேயே கிடக்கின்றன. ஒரு கதையைக் கட்டிக்கொண்டே போவோம்.

படி 1: வருடம்

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநோயால் ஆள முடியாமல் போக, மகன் பொறுப்பேற்று நடத்திய 1811 முதல் 1820 வரைதான் ரீஜென்சி. நான் 1816ஐ எடுப்பேன். முந்தைய வருடம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததால் அந்த வருடம் இங்கிலாந்தில் கோடையே இல்லை. ஓயாத மழை, விளைச்சல் போச்சு. குத்தகை வராமல் கடனில் தவிக்கும் பிரபு ஒருவர், பணம் இருந்தும் பட்டம் இல்லாத பருத்தி ஆலை முதலாளி ஒருவர். சம்பந்தம் பேச இது போதும்.

படி 2: முகம் தெரியாத மாப்பிள்ளை

பிரபுவின் இளைய மகன் 16 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து மதராசுக்குப் போனவன். அண்ணன் இறந்ததால் 28 வயதில் வாரிசாகத் திரும்புகிறான். சூயஸ் கால்வாய் இல்லாத காலம், ஆப்பிரிக்காவைச் சுற்றி வர ஐந்தாறு மாதம் ஆகும். அவன் கப்பலில் இருக்கும்போதே அப்பா கல்யாணத்தை முடிவு செய்துவிடலாம். புகைப்படம் 1839இல்தான் உலகத்துக்கு வந்தது. பெண் வீட்டில் இருப்பது உள்ளங்கை அகலத் தந்தத் தகட்டில் வரைந்த ஒரு பையன் முகம். வெயிலில் கறுத்துப்போன ஆளை அதை வைத்து யார் கண்டுபிடிப்பது?

படி 3: வேஷம்

கல்யாணத்துக்கு முன்பே பெண்ணைத் தெரிந்துகொள்ள அவன் வேறு ஆளாக அவள் வீட்டுக்குப் போகட்டும். குதிரைக்காரன் வேடம் வேண்டாம், வாயைத் திறந்ததும் பேச்சிலேயே மாட்டிக்கொள்வான். வக்கீல் குமாஸ்தாவாக அனுப்புங்கள். மாப்பிள்ளையாகப் போனால் அவள் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றித்தான் பேச முடியும். குமாஸ்தாவை யார் கவனிக்கிறார்கள்?

அவனுக்கு வேலையும் உண்டு. கல்யாணமானால் மனைவியின் பணம் கணவன் கைக்குப் போய்விடும் என்பதால், வசதியான அப்பாக்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதி வாங்குவார்கள். மனைவியின் கைச்செலவுக்கு இவ்வளவு, விதவையானால் வருடத்துக்கு இவ்வளவு என்று. நம் கதாநாயகி ஆலைக் கணக்கு எழுதுகிறவள், பத்திரத்தை வரிவரியாகப் பார்ப்பாள்.

"இவர் இறந்துபோனால் எனக்கு வருடத்துக்கு எவ்வளவு?"

அவன் பேனா நின்றது. "நானூறு பவுன்."

"ஐந்நூறாகப் போடுங்கள். மதராஸ் காய்ச்சல் கண்ட உடம்பாம், ரொம்ப நாள் தாங்காது."

படி 4: ஓலை

கதையின் உயிர் இங்கேதான். 1753ஆம் வருடச் சட்டப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் இருவர் பெயரையும் வாசிக்க வேண்டும். நம்மூர்க் கிறிஸ்தவர்கள் ஓலை வாசிப்பது என்பார்களே, அதேதான். இருவரும் வெவ்வேறு பங்கு, அதாவது வெவ்வேறு கோயிலின் வட்டாரம் என்றால் இரண்டு கோயிலிலும் வாசிக்க வேண்டும். பணக்காரர்கள் லைசென்ஸ் வாங்கி இதைத் தவிர்ப்பார்கள். ஆனால் நம் முதலாளிக்குப் பிரபு வீட்டுப் பெயர் ஊர்க் காதில் விழ வேண்டும்!

பொய்ப் பெயரில் ஓலை வாசித்தால் கல்யாணமே செல்லாமல் போகலாம். ஆக, வாசிப்பது அவனுடைய சொந்தப் பெயர். கேட்டுக்கொண்டிருப்பது கடைசி பெஞ்சில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கும் அவனே. முன் வரிசையில் அவள் முகம் சுளிப்பது அவனுக்குத் தெரிகிறது. ஒரு பக்கமாவது எழுதுங்கள் இதை.

படி 5: குட்டு உடைவது

தற்செயலாக ஒட்டுக்கேட்பதெல்லாம் சோம்பேறி வழி. நிச்சயமான பிறகு மாப்பிள்ளை பெண்ணுக்குக் கடிதம் எழுதலாம், எழுதாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. எனவே அவனும் எழுதியாக வேண்டும். அன்று தபால் கூலியைக் கடிதம் பெறுகிறவர்தான் கொடுக்க வேண்டும். அப்பா முனகிக்கொண்டே காசை எண்ணட்டும். அவள் பிரிக்கிறாள். 'ஜி' எழுத்தின் வாலில் ஒரு சுழிப்பு. மேஜையில் கிடக்கும் ஒப்பந்தத்திலும் அதே சுழிப்பு. இது இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவில் நடக்கட்டும்.

படி 6: மூன்றாம் ஞாயிறு

"தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்" என்கிறார் பாதிரியார். அவள் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு வேர்க்கிறது.