நல்ல நாவல் பழம் வேண்டுமா? மரத்தை அளந்து தேர்ந்து ஒட்டுக் கட்டும் முறை

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பு வேலியோரம் 9 நாவல் மரங்கள் நிற்கின்றன. எல்லாமே பறவை போட்ட விதையில் வந்தவை, பழத்தில் கொட்டைதான் பெரிது. பக்கத்துத் தோட்டத்து அக்காவின் மரத்தில் மட்டும் விரல் கனத்துக்குச் சதை. அதைப் போலவே என் நிலத்திலும் வேண்டும் என்று இறங்கினேன். நல்ல மரத்துக் குச்சியை வேறொரு கன்றின் தண்டில் பொருத்திக் கட்டுவதுதான் ஒட்டு. முதல் ஆண்டு கட்டிய 25 ஒட்டில் 3 பிழைத்தன. அடுத்த ஆண்டு கட்டிய 25-இல் 17. இடையில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதல் வேலை: மரத்தை அளப்பது

ஒரு பழம் தின்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். "ஒரு வருசம் தேனாட்டம் இருக்கும், ஒரு வருசம் நாக்கை இழுக்கும் தம்பி" என்று அக்கா சொன்னது உண்மைதான். மழை பெய்த மறுநாள் பறித்தால் நல்ல மரமே சப்பென்று இருக்கும். அதனால் இரண்டு பருவம் அளந்தேன்.

ஜூன், ஜூலையில் நன்றாகக் கறுத்த பழம் 20 பறியுங்கள். பறித்த பிறகு நாவல் பழுக்காது, எனவே செங்காயை எடுக்க வேண்டாம். மொத்தமாக எடை போட்டு, சதையை வழித்துவிட்டு, கொட்டையை மட்டும் மறுபடி எடை போடுங்கள். அக்கா மரத்தில் 20 பழம் 240 கிராம், கொட்டை 36 கிராம், அதாவது 85 சதவீதம் சதை. என் வேலி மரம் ஒன்றில் 90 கிராமுக்கு 32 கிராம் கொட்டை. சமையலறைத் தராசே போதும்.

இனிப்புக்கு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். ஒரு சொட்டுச் சாறு விட்டால் பிரிக்ஸ், அதாவது சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவு, அந்தக் கருவியில் தெரியும். துவர்ப்பை அது காட்டாது, அதற்கு நாக்குதான்.

இப்படித் தேர்ந்தெடுப்பதும் ரகம் உருவாக்கும் வழிதான். நம் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 1 மா, நீலம் என்ற மா ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. லக்னோவில் வெளியிட்ட விதையற்ற நாவல் ஜே-42-உம் தேர்வில் வந்ததே.

வேர்ச்செடி

ஒட்டுக்கு அடியில் வேரோடு நிற்கும் கன்றுதான் வேர்ச்செடி. அதற்கு எந்த நாவல் கொட்டையும் ஆகும், புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரம் வைத்திருந்தால் முளைப்பு போய்விடும். சதை போகக் கழுவி, அந்த வாரமே பையில் ஊன்றுங்கள். ஒரே கொட்டையில் இரண்டு மூன்று முளை வரும்; வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். அடுத்த ஆடிக்குள் தண்டு பென்சில் கனத்துக்கு வந்துவிடும். இரண்டாம் பருவ அளவெடுப்பும் அப்போது முடிந்திருக்கும்.

நான் தோற்ற இடம்: ஒட்டுக்குச்சி

முதல் ஆண்டு காலையில் நல்ல மரத்துக் குச்சியை வெட்டி, இலையை உருவி, மத்தியானமே கட்டினேன். பத்து நாள் பச்சையாக இருந்து, பிறகு கறுத்துப் போயின. சந்தூரில் பரம்பரையாக மாங்கன்று கட்டும் பெரியவர் ஒருவர் என் குச்சியைப் பார்த்தவுடன் கேட்டார்: "இலையை எப்ப கிள்ளினே?"

அங்கேதான் விஷயம். குச்சி மரத்தில் இருக்கும்போதே இலையைக் கிள்ள வேண்டும். பச்சை மாறிப் பழுப்பேறும் நுனிக்கிளையைத் தேர்ந்து, இலைப்பரப்பை மட்டும் நறுக்கி, காம்பை விட்டுவிடுங்கள். 8 முதல் 10 நாளில் அந்தக் காம்பு விரல் பட்டாலே உதிரும். காம்பு இருந்த கணுவில் மொட்டு கேழ்வரகு மணி அளவுக்குத் திரண்டிருக்கும். அன்றைக்கே வெட்டுங்கள். மொட்டு விரிந்து துளிர் காட்டிவிட்டால் அந்தக் குச்சி ஆகாது. மொட்டு தூங்கும் குச்சியும் ஆகாது. அது விழிப்பதற்குள் காய்ந்துவிடும்.

12 முதல் 15 செ.மீ. நீளம் போதும். ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து உடனே கட்டுங்கள்.

கட்டுவது

வேர்ச்செடியை ஒரு சாண் உயரத்தில் தலை வெட்டி, நடுவில் 4 செ.மீ. பிளவு. குச்சியின் அடியை இருபுறமும் அதே நீளத்துக்கு ஆப்பு போலச் சீவுங்கள். கத்தியைவிட எனக்குப் புதுச் சவர பிளேடுதான் பிடிக்கும். 5 ஒட்டுக்கு ஒன்று மாற்றுவேன். நாவலில் துவர்ப்புப் பொருள் அதிகம், சீவிய இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகும். ஒரே இழுப்பில் சீவி உடனே செருகுங்கள். இரண்டும் ஒரே கனமில்லையென்றால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கப் பட்டையோடு பட்டை சேரும்படி ஒதுக்கி வையுங்கள்.

பாலிதீன் நாடாவைக் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, மேலே குச்சி ஐஸ் கவரைக் கவிழ்த்து அடியில் கட்டுங்கள். நிழலில் வையுங்கள். மூன்று வாரத்தில் துளிர் கவருக்குள் தெரியும். சாயங்கால நேரத்தில் கவரைக் கழற்றுங்கள்.

பின்சேர்க்கை

"நல்ல மரத்துக் கொட்டையையே ஊன்றினால் என்ன?" என்று பலர் கேட்டீர்கள். வரும் முளைகளில் தாயின் நகலும் இருக்கும், கலப்பும் இருக்கும்; கன்றில் பிரித்தறிய முடியாது. காய்க்க 8 முதல் 10 ஆண்டு ஆகும். ஒட்டுக்கன்று அதைவிடச் சீக்கிரம் காய்க்கும். இடம் தாராளமாக இருப்பவர்கள் ஓரமாகப் பத்துக் கொட்டை ஊன்றுங்கள், தாயைவிட நல்லது ஒன்று கிடைக்கலாம்.

துளிர்த்த ஒட்டு நான்காம் மாதம் ஒடிந்தது என்று ஒருவர் படம் அனுப்பியிருந்தார். நாடா தண்டுக்குள் புதைந்திருந்தது. இணைப்பு திரண்டதும், இரண்டரை மூன்று மாதத்துக்குள், முடிச்சின் எதிர்ப்பக்கம் பிளேடால் நெடுக்காகக் கீறி நாடாவை எடுத்துவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வரும் துளிரை வாரம் ஒருமுறை கிள்ளுங்கள்.