கோலைடிஸ்காரங்க நியாசின், மஞ்சள் கேப்சூல் வாங்கறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது

மொதல் தடவை நியாசின் (வைட்டமின் பி3தான் இது) 500 மி.கி. போட்டப்ப காலைல ஏழு மணி இருக்கும், வெறும் வயிறு. இருபது நிமிஷத்துல காது மடல்ல ஆரம்பிச்சு மூஞ்சி, கழுத்து, நெஞ்சுன்னு மிளகாப்பொடிய அப்பின மாதிரி எரிய ஆரம்பிச்சிடுச்சு, சட்டையக் கழட்டிப் போட்டுட்டு ஃபேனுக்கு அடியில போய் நின்னுட்டேன். வீட்ல "என்னங்க இது செக்கச்செவேல்னு இருக்கீங்க"ன்னு ஆட்டோ கூப்பிடவே கெளம்பிட்டாங்க. ஒரு மணி நேரத்துல தானா அடங்கிடுச்சு. அது அலர்ஜி இல்லயாம், ஃப்ளஷ்னு பேராம். பாட்டில்லயே பொடி எழுத்துல போட்டிருந்தான், நான்தான் படிக்கல.

எனக்கு அல்சரேடிவ் கோலைடிஸ், அதாவது பெருங்குடல்ல புண்ணும் வீக்கமும் வர்ற நோய், வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இத எழுதறது யாருக்குன்னா, ஏற்கெனவே கோலனோஸ்கோபி எல்லாம் பண்ணி நோய் இன்னதுன்னு தெரிஞ்சு, அதுக்கான மருந்து மெசலமைனோ அசாதையோப்ரினோ எடுத்துட்டு ஓரளவு அடங்கி இருக்கீங்க, இப்ப ஒரு வீடியோ பாத்துட்டு "வைட்டமின் பி3, ஆன்டிஆக்சிடன்ட் போட்டா குடல் ஆறிடுமாமே"ன்னு யோசிக்கிறீங்கல்ல, உங்களுக்குத்தான். இப்ப ரத்தமும் சளியுமா போய்ட்டிருக்கு, ராத்திரி தூக்கத்துல எழுந்து ஓடறீங்கன்னா இதப் படிக்காதீங்க, டாக்டருக்கு ஃபோன் போடுங்க. ஃப்ளேர்ல, அதாவது நோய் மறுபடி கெளம்பி இருக்கறப்ப, நீங்களா புதுசா எந்த மாத்திரையும் ஆரம்பிக்கக் கூடாது, எது வேலை செஞ்சுது எது கெடுத்துச்சுன்னே தெரியாமப் போயிடும்.

மொதல்ல இந்தப் பேச்சு எங்கருந்து வந்துச்சுன்னு பாத்துடுவோம். நம்ம பெருங்குடல் சுவர்ல ஜிபிஆர்109ஏன்னு ஒரு ரிசப்டார் இருக்கு. நார்ச்சத்த குடல்ல இருக்கற பாக்டீரியா தின்னு பியூட்டிரேட்னு ஒண்ணு தயார் பண்ணும்ல, அது போய் உக்கார்ற எடம் அது, நியாசினும் அதே எடத்துல உக்காரும், உக்காந்தா வீக்கம் குறையுதுன்னு 2014ல எலிகள வெச்சு காட்டினாங்க. அப்புறம் 2017ல சீனாவுல கொஞ்சம் பேஷன்ட்டுங்களுக்கே குடுத்துப் பாத்ததுல நல்ல பலன் வந்துச்சு. வீடியோக்காரங்க இதோட நிறுத்திடுவாங்க. ஆனா அங்க குடுத்தது மாத்திரை இல்லீங்க, எனிமா, ஆசன வாய் வழியா உள்ள ஏத்தறது! நேரா பெருங்குடல்லயே போய் எறங்குது. நாம முழுங்கற மாத்திரைய எரைப்பையும் சிறுகுடலும் மேலயே உறிஞ்சிடும், புண்ணு இருக்கற எடத்துக்கு அது அப்படியே போய்ச் சேராது. இதப் படிச்சுட்டு மாத்திரைய பொடிச்சு தண்ணில கலக்கி எனிமா குடுக்கலாமான்னு தயவு செஞ்சு யாரும் யோசிக்காதீங்க, யோசிக்கிற ஆளுங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.

சரி, வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டீங்கன்னா லேபிள்ல பாக்க வேண்டியது, நிகோடினிக் ஆசிட்னு போட்டிருக்கா, நிகோடினமைடு இல்லன்னா நியாசினமைடுன்னு போட்டிருக்கா. ரெண்டுமே பி3தான், ஆனா குணம் வேற. எரிச்சல், செவப்பு எல்லாம் நிகோடினிக் ஆசிட்ல வர்றது. மேல சொன்ன ரிசப்டார்ல உக்கார்றதும் அதான். நியாசினமைடு எரியாது, அந்த ரிசப்டார்லயும் பெருசா வேலை செய்யாது, பி-காம்ப்ளக்ஸ் மாத்திரைல இருக்கறது பெரும்பாலும் இதுதான். "நோ ஃப்ளஷ்"னு விக்கற மூணாவது ரகத்துலருந்து நியாசினே ஒழுங்கா வெளில வராது, காசுக்குப் புடிச்ச கேடு.

அளவுதான் முக்கியமான விஷயம். ஒரு பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 14லருந்து 16 மி.கி., அவ்ளோதான். புழுங்கலரிசி சோறு, மீனு, சிக்கன், வேர்க்கடலைன்னு சாப்பிடற வீட்ல அது தன்னால வந்துடும் (வயிறு சரியில்லாதப்ப கடலைய முழுசா மெல்லாம நைசா அரைச்சு சேத்துக்கலாம்). சப்ளிமென்ட்டா எடுத்தா 35 மி.கி.க்கு மேல போக வேண்டாம்னு அமெரிக்காக்காரன் வரம்பு வெச்சிருக்கான். நான் போட்ட 500 எல்லாம் கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் கண்காணிப்புல குடுத்துட்டிருந்த லெவலு. அந்த அளவுல கல்லீரல் அடி வாங்கும், சுகர் ஏறும், யூரிக் ஆசிட் ஏறும், வயித்துப் புண்ணு கெளறும், போதாததுக்கு லூஸ் மோஷனும் வரும், அப்ப அது மாத்திரையால போகுதா ஃப்ளேரான்னு நீங்க குழம்பிக்கிட்டு நிப்பீங்க. அசாதையோப்ரின் எடுக்கறவங்களுக்கு எப்படியும் எல்எஃப்டி (கல்லீரல் டெஸ்ட்) பாத்துட்டே இருப்பாங்க, அதுல எஸ்ஜிபிடிங்கற கல்லீரல் அளவு ஏறினா உங்க நியாசின் பத்தித் தெரியாத டாக்டர் நல்லா வேலை செஞ்சிட்டிருந்த மருந்த நிறுத்திட வாய்ப்பிருக்கு. பிரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டுல இருக்கறவங்களுக்கு சுகர் ஏற்கெனவே ஆடும். லாங் ரிலீஸ் வகை எரிச்சல் கம்மிதான், ஆனா கல்லீரலுக்கு அதான் இன்னும் மோசம்.

இன்னொரு பொறி இருக்கு. ஃப்ளஷ் வராம இருக்க அரை மணி நேரம் முன்னாடி ஆஸ்பிரின் போடுங்கன்னு நெறைய பேர் சொல்லுவாங்க. மத்தவங்களுக்கு அது சரியா இருக்கலாம், ஆனா அந்தக் குடும்பத்து வலி மாத்திரைங்களே நமக்கு ஃப்ளேர கெளப்பி விடக்கூடியது, குடல ஆத்தறதுக்கு ஒண்ணப் போட்டு அதுக்குத் துணையா குடல கெடுக்கறத போடறதுன்னா என்ன கணக்கு இது.

நிஜமாவே நியாசின் குறையறவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லணும். மாசக்கணக்கா வயித்தால போய், பயந்துக்கிட்டு வெறும் கஞ்சியும் பிரெட்டுமே சாப்பிட்டுட்டு இருக்கறவங்க, அசாதையோப்ரின் எடுக்கறவங்கள்ல அபூர்வமா சிலர், அப்புறம் கோலைடிஸுக்குப் போடற இன்ஃப்ளிக்சிமாப் ஊசிக்கு முன்னாடி டிபி டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்து டிபி மருந்து ஐசோனியாசிட் ஓடிட்டிருக்கறவங்க. இவங்களுக்கு பெலாக்ரா, அதாவது நியாசின் குறைஞ்சா வர்ற நோய், வரலாம். கழுத்த சுத்தி, பொறங்கையில, வெயில் படற எடம் மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுத்து தோல் உரியும், வயித்தால போகும், ஞாபகம் தடுமாறும். சேலத்துல பொறந்த சத்துணவு ஆராய்ச்சியாளர் டாக்டர் கோபாலன் ஐதராபாத்ல சோளத்தையே நம்பி சாப்பிட்ட ஏழை ஜனங்ககிட்ட ஆராய்ச்சி பண்ணது இந்த நோயத்தான். கழுத்துக் கறுப்பும் மோஷனும் சேந்து வந்தா ஃப்ளேருன்னு நீங்களே முடிவு பண்ணாம அந்த எடத்த டாக்டர்ட்ட காட்டுங்க.

ஆன்டிஆக்சிடன்ட்டுன்னு விக்கறதுல எனக்கு கொஞ்சமாவது நம்பிக்கை இருக்கறது குர்குமின் மேலதான், மஞ்சள்ல இருக்கற அதே சரக்கு. 2006ல ஜப்பான்ல ஆறு மாசம் தினம் 2 கிராம் குடுத்தாங்க, அதுல 43 பேர்ல 2 பேருக்குத்தான் நோய் திரும்புச்சு, டம்மி மாத்திரை எடுத்த 39 பேர்ல 8 பேருக்கு திரும்புச்சு. 2015ல வந்த இன்னொரு ஆய்வுல 3 கிராம் கணக்குல ஒரு மாசம் குடுத்து 26 பேர்ல 14 பேருக்கு அடங்குச்சு, டம்மி எடுத்த 24 பேர்ல ஒருத்தருக்கும் இல்ல. ஆனா டில்லி எய்ம்ஸ்ல 450 மி.கி. மட்டும் குடுத்துப் பாத்தாங்க, பிரயோஜனம் இல்ல. கவனிங்க, எல்லாரும் மெசலமைன் இல்லன்னா அதே வகை மருந்தான சல்ஃபாசலசினோட சேத்துத்தான் எடுத்தாங்க, அத நிறுத்திட்டு இல்ல. அப்புறம் "எங்க வீட்டுக் கொழம்புலயே மஞ்சள் போடறோமே"ன்னா, பொடியில குர்குமின் நூத்துக்கு மூணு பங்குதான் இருக்கும், 2 கிராமுக்கு இருபது ஸ்பூன் பக்கம் திங்கணும், நடக்கிற காரியமா. கேப்சூல் வாங்கறப்ப மிளகுச் சத்து பைபரின் சேத்ததான்னு பாருங்க, அது ஒடம்புல அதிகமா ஏற வைக்கும், அந்த மாதிரி கேப்சூல் சாப்பிட்டு சிலருக்கு கல்லீரல் வீங்கி மஞ்சக்காமாலை வந்திருக்கு. ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, பித்தப்பைல கல்லு இருக்கறவங்க கேக்காம தொடாதீங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். வைட்டமின் சி ஒரு நாளைக்கு 2 கிராமத் தாண்டினா அதுவே வயித்தால போக வைக்கும், நமக்கு எதுக்கு அந்த வேலை. வைட்டமின் ஈ அதிகமானா ரத்தக்கசிவு கூடும். ஜிங்க் மோஷன்ல நெறைய போயிடும், அதனால குறையலாம், ஆனா மாசக்கணக்குல 40 மி.கி.க்கு மேல எடுத்தா காப்பர் எறங்கும். சல்ஃபாசலசின்ல இருக்கறவங்களுக்கு இது எல்லாத்தையும் விட ஃபோலிக் ஆசிட்தான் முக்கியம், வெலையும் ரொம்பக் கம்மி, ஆனா அதப் பத்தி எவனும் வீடியோ போட மாட்டான்.

எப்படி ஆரம்பிக்கறதுன்னா, டாக்டர் சரின்னதுக்கு அப்புறம் ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின், சிஆர்பி (ரத்தத்துல வீக்கம் காட்டற டெஸ்ட்), எல்எஃப்டி, சுகர் பாத்துடுங்க, கையில காசிருந்தா மலத்துல குடல் வீக்கம் பாக்கற ஸ்டூல் கால்ப்ரோடெக்டினும். நான் பசங்களோட பழைய கோடு போட்ட நோட்டுல எழுதறேன், தேதி, எத்தன தடவ போனேன், ரத்தம் இருந்துச்சா, அவசரமா ஓடினேனா, புதுசா என்ன முழுங்கினேன், அஞ்சே கட்டம். நாலு வாரம் அப்படியே ஓட்டிட்டு அப்புறம் டெஸ்ட் திரும்பப் பாக்கணும். நடுவுல கண்ணு மஞ்சளாச்சு, மூத்திரம் டீத்தண்ணி கலர்ல போச்சு, ரத்தம் கூடுச்சுன்னா அன்னைக்கே நிறுத்திட்டு ஃபோன் பண்ணுங்க. மல்டிவைட்டமின் போட்டதும் மூத்திரம் பளிச்னு மஞ்சளாப் போகும், அது ரைபோஃப்ளேவின், அதுக்குப் பயப்பட வேண்டாம். இரும்பு மாத்திரை போட்டா மோஷன் கறுப்பா வரும், அதையும் நோட்டுல எழுதி வெச்சுக்குங்க.

டாக்டர்ட்ட போறப்ப பேரை மட்டும் சொல்லாதீங்க, பாட்டிலயே பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. நான் "சும்மா ஒரு வைட்டமின் சார்"னு ரெண்டு விசிட்டா சொல்லிட்டிருந்தேன், மூணாவது தடவ பாட்டில டேபிள் மேல வெச்சதும் அவர் திருப்பிப் பாத்துட்டு 500ங்கற எண்ண பேனாவால வட்டம் போட்டு, "இது வைட்டமின் டோஸ் இல்லயே"ன்னாரு. அந்த வட்டத்தோட பாட்டில் இன்னமும் ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு, அதுல ஆறோ ஏழோ மாத்திரைதான் குறைஞ்சிருக்கு.