பூங்கா மண்டபம் வரைய: தூணை விடுங்கள், இடைவெளியைப் பாருங்கள்

பூங்காவில் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைபவர்கள் பலர், கொடிப்பந்தலோ அலங்கார வளைவோ கண்ணில் பட்டதும் தூண், குறுக்குக்கட்டை, நகாசு என்று ஒன்று விடாமல் பென்சிலால் போட்டுவிடுகிறார்கள், கடைசியில் அது வீடு கட்டும் பிளான் மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குப் பதில் தூண்களுக்கு நடுவே தெரியும் பச்சையைத் தீட்டுங்கள். அந்தப் பச்சைத் துண்டுகளின் வடிவம் சரியாக வந்தால் போதும், விட்டுவைத்த வெள்ளையில் தூண் தானாக நிற்கும்.

சென்னையில் நேரம் ரொம்ப முக்கியம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் கிட்டத்தட்ட நம் தலைக்கு நேர் மேலே நிற்கும், நிழல் தூணடியிலேயே ஒடுங்கிவிடும், எந்த மண்டபமும் தட்டையாகத்தான் தெரியும். காலை 9 மணிக்குள் போங்கள், இல்லையென்றால் மாலை 4 மணிக்கு மேல். போனதும் முதல் வேலையாக நிழலின் ஓரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அது நகர்ந்தாலும் நீங்கள் மாற்றாதீர்கள்.

சுண்ணாம்பு அடித்த தூணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெயில் படும் பக்கம் மட்டும்தான் வெள்ளை. நிழல் பக்கத்தில் மேலே வானத்தின் நீலம், கீழே புல் இருந்தால் பச்சை, செம்மண் பாதை இருந்தால் லேசான ஆரஞ்சு ஏறியிருக்கும். நீலத்தை மேலே வைத்து, காய்வதற்குள் ஆரஞ்சைக் கீழிருந்து தொட்டுவிடுங்கள், இரண்டும் நடுவில் தானே கலக்கட்டும். கறுப்பு கலந்த சாம்பல் வேண்டவே வேண்டாம்.

அண்ணா நகர் டவர் பார்க்கில் 1968 உலக வர்த்தகக் கண்காட்சியின்போது கட்டிய கோபுரத்தை வரைவதென்றால் தள்ளி உட்காருங்கள். கண் மட்டத்தில் கிட்டத்தட்ட நேராகத் தெரியும் சுற்றுகள் மேலே போகப் போக அதிகமாக வளையும். எல்லாவற்றையும் ஒரே வளைவாகப் போட்டால் கோபுரம் உருண்டையாக வராது.

மயிலாப்பூர் தெப்பக்குளத்து நீராழி மண்டபமும் அருமையான விஷயம்தான், பூங்கா இல்லையென்றாலும். தண்ணீரில் விழும் பிம்பத்தில் வெள்ளை கொஞ்சம் மங்கும், கருமை கொஞ்சம் வெளுக்கும். கூரையின் அடிப்பக்கம் நேரில் தெரிவதைவிட பிம்பத்தில் அதிகமாகத் தெரியும், மேலே இருப்பதை அப்படியே கவிழ்த்து வைத்துவிடாதீர்கள்.

ஒரே மண்டபத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே தன் ழிவெர்னி ஊர்த் தோட்டக் குளத்தில் போட்டுக்கொண்ட மரப்பாலத்தை 1899இல் ஒரு வரிசையாகவே வரைந்தார்.

பந்தல்மேல் காகிதப்பூ இருந்தால் அந்த இடத்தை வெள்ளையாக விட்டு, இலைப்பச்சை முழுக்கக் காய்ந்த பிறகு சுத்தமான பிரஷ்ஷால் ரோஸ் வையுங்கள். ஈரப் பச்சையில் பட்டால் சேறாகிவிடும்.